வரையாடு எண்ணிக்கை கூடிருச்சு, சரி... மரபணு என்ன ஆச்சு? ஆனைமலை சொல்லும் பாடம்

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. 2024-ல் தமிழகமும் கேரளாவும் சேர்ந்து திட்டமிட்ட முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில், தமிழகத்தில் மட்டும் 1,031 வரையாடுகள் இருப்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு, 2025 ஏப்ரலில் எடுத்த கணக்கு 1,303. அதே நேரத்தில் கேரளாவில் எண்ணியது 1,365. இரண்டையும் கூட்டினால் 2,668. உலகத்தில் காட்டு வரையாடு வாழ்வது இந்த இரண்டு மாநில மலைகளில் மட்டும்தான் என்பதால், கையில் இருப்பது மொத்தமே இவ்வளவுதான்.

ஒரே வருஷத்தில் 272 கூடியிருக்கு என்றதும், 'அப்பாடா, தப்பிச்சிருச்சு' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வரையாட்டைக் காப்பாற்றும் வேலையில் இனிமேல்தான் கஷ்டமான கட்டம் வருகிறது. ஒரு காலத்தில் வரையாடு வாழ்ந்து, இப்போது காலியாகக் கிடக்கும் மலைகளில் மறுபடியும் அவற்றைக் கொண்டுபோய் விடுவதும் அரசின் திட்டத்தில் இருக்கிறது. எந்த மலையில் பிடிச்சு எந்த மலையில் விடுறது? இந்தக் கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் இல்லை. மரபணுவில்தான் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள ஆனைமலையைவிட நல்ல இடம் கிடையாது. ஏன்னு பார்க்கலாம்.

முதலில் அந்த எண்ணிக்கை என்ன சொல்லுது?

'நீலகிரி வரையாடு திட்டம்' 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே வரையாட்டுக்கென்று தனியாகப் போடப்பட்ட முதல் திட்டம். ஒதுக்கிய தொகை 25.14 கோடி ரூபாய். 2023 அக்டோபர் 12 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். வரையாட்டைப் பற்றி 1970-களிலேயே ஆய்வு செய்த இ.ஆர்.சி.டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7-ம் தேதி 'வரையாடு தினம்' என்றும் அறிவிக்கப்பட்டது.

கணக்கெடுப்பு, ரேடியோ காலர் மாட்டிக் கண்காணிப்பது, நோய் கண்டறிவது, மேல்பவானி பகுதியில் புல்வெளிகளை மீட்பது, பழைய வாழிடங்களில் மீண்டும் அறிமுகம் செய்வது எல்லாம் இந்தத் திட்டத்துக்குள் வரும்.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். 2024-ல் 140 பிளாக்குகளாகப் பிரித்து எண்ணினார்கள். 2025-ல் அது 177 பிளாக். எண்ணிய இடமும் கூடியிருக்கிறது. அதனால் அந்த 272-ம் புதிதாகப் பிறந்த ஆடுகள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முன்பு கண்ணில் படாதவையும் அதில் இருக்கும். இது குறை சொல்வதற்காக இல்லை. முதல் வருஷத்தைவிட இரண்டாவது வருஷம் கணக்கு துல்லியமாகியிருக்கிறது என்றுதான் இதைப் படிக்கணும்.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். இந்த 2,668 ஆடுகளும் ஒரே கூட்டமாக இல்லை. கேரளாவின் இரவிகுளம் தேசியப் பூங்காவில்தான் பெரிய கூட்டம் இருக்கிறது. அதை ஒட்டியே ஆனைமலை புலிகள் காப்பகத்தின் அக்காமலை கிராஸ் ஹில்ஸ். வடக்கே நீலகிரியில் முக்கூர்த்தி. இவற்றைத் தாண்டினால் சிறுவாணி, பழநி மலை, மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர், அகத்தியமலை என்று சின்னச் சின்னக் கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கூட்டத்து ஆடு இன்னொரு கூட்டத்தைப் பார்ப்பதே பல இடங்களில் நடக்காத காரியம்.

மரபணு வேறுபாடு எதுக்கு? பொள்ளாச்சி தென்னந்தோப்பில் கேளுங்க

மரபணு என்றதும் ஏதோ லேப் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். பொள்ளாச்சி, ஆனைமலை பக்கத்து விவசாயிகளுக்கு இது நேரடியாகத் தெரிந்த விஷயம்.

கேரளாவிலிருந்து வந்த வேர் வாடல் நோய், இந்தப் பகுதியின் தென்னந்தோப்புகளைப் பல வருஷமாகப் படுத்தி எடுக்கிறது. மட்டைகள் தொங்கி, ஓலை மஞ்சளாகி, காய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஆனால் கவனித்துப் பார்த்தால், நோய் கடுமையாகத் தாக்கிய தோப்பிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்கள் நல்லா நிற்கும். மண் அதே, தண்ணி அதே, உரம் அதே. உள்ளே இருக்கும் மரபணுதான் வேறு.

மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இப்படி நோய்ப் பகுதியில் தாக்குப்பிடித்த மரங்களைத் தேர்ந்தெடுத்துத்தான் 'கல்பரக்ஷா', 'கல்பஸ்ரீ' போன்ற ரகங்களை வெளியிட்டது. தோப்பு முழுக்க ஒரே மாதிரி மரங்களாக இருந்திருந்தால், தேர்ந்தெடுக்க எதுவுமே மிஞ்சியிருக்காது.

காட்டு விலங்குக்கும் கணக்கு இதேதான். புது நோய் வந்தால், வெயில் கூடினால், புல் மாறினால், கூட்டத்தில் யாரோ சிலருக்காவது அதைத் தாங்கும் மரபணு இருக்கணும். அவை பிழைத்து, குட்டி போட்டு, அடுத்த தலைமுறையில் அந்த மரபணு பெருகும். இதைத்தான் விஞ்ஞானிகள் 'தகவமைப்பு' என்கிறார்கள். நெருக்கடி வந்த பிறகு ஒரு விலங்கு நினைத்தாலும் புது மரபணுவை உருவாக்கிக்கொள்ள முடியாது. ஏற்கெனவே கையிருப்பில் இருப்பதைத்தான் செலவு செய்ய முடியும்.

30 வருஷத்தில் உருவம் மாறிய கடற்கரை நத்தை

இந்தக் கையிருப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டிய ஓர் ஆய்வு, 2024-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்தது. மலை ஆட்டைப் பற்றிப் பேசும்போது கடற்கரை நத்தை எதுக்கு என்று கேட்கலாம். ஒரு உயிரினத்தைப் பழக்கமில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவ்வளவு தெளிவான உதாரணம் கிடைப்பது அபூர்வம்.

ஸ்வீடன் - நார்வே எல்லைக் கடலில் கோஸ்டர் தீவுகள் இருக்கின்றன. அங்கே பாறைகளில் ஒட்டி வாழும் பெரிவிங்கிள் என்ற சின்ன நத்தைக்கு ஒரே இனத்துக்குள் இரண்டு வகை உண்டு. நண்டு அதிகமாக இருக்கும் கரையில் வாழ்வது பெரிசா, கெட்டி ஓட்டோடு இருக்கும். நண்டு உடைக்க முடியாது. அலை அடித்து மோதும் பாறையில் வாழ்வது சின்னது, ஓடு மெல்லிசு, ஆனால் ஓட்டின் வாய் பெரிசு. பாறையை இறுக்கிப் பிடிக்கும் பெரிய பாதம் அந்த வாய் வழியாகத்தான் வெளியே வரணும்.

1988-ல் கடலில் நச்சுப்பாசி பெருகியதில், அலை அடிக்கும் சிறு பாறைத்திட்டுகளில் இருந்த நத்தைகள் செத்துப்போயின. 1992-ல் கெர்ஸ்டின் யோஹான்சன் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி, பக்கத்துக் கரையிலிருந்து 'நண்டு வகை' நத்தைகளில் சுமார் 700-ஐ எடுத்து, காலியான ஒரு பாறைத்திட்டில் விட்டார். நண்டுக்குப் பழகிய நத்தை, அலைக்கு நடுவில்!

என்ன ஆச்சு? ஆரம்பத்திலேயே மாற்றம் தெரிந்தது. சுமார் 30 ஆண்டுகளில் அவற்றின் வாரிசுகள் ஏறக்குறைய 'அலை வகை' நத்தைகளாகவே மாறிவிட்டன. ஓடு சின்னதானது, வடிவம் மாறியது. மரபணுவைப் பரிசோதித்தபோதும் அதே மாற்றம் தெரிந்தது.

மந்திரம் எதுவும் இல்லை. அந்த மரபணு வகைகள் இரண்டு வழியில் கிடைத்தன. ஒன்று, கொண்டுவந்து விட்ட நத்தைகளிலேயே சிலவற்றில் அவை ஏற்கெனவே குறைந்த அளவில் ஒளிந்திருந்தன. இன்னொன்று, அக்கம்பக்கத்துப் பாறைகளிலிருந்து எப்போதாவது வந்து சேர்ந்த 'அலை வகை' நத்தைகள் கொஞ்சம் கொண்டுவந்தன.

ஆக, மூணு விஷயம் தேவைப்பட்டிருக்கு. ஆரம்பத்திலேயே போதுமான எண்ணிக்கை. உள்ளே மரபணுக் கையிருப்பு. அக்கம்பக்கத்தில் சொந்தக்காரர்கள்.

நத்தைக்கு முடிஞ்சது வரையாட்டுக்கு முடியுமா?

இங்கேதான் சிக்கல். அந்த நத்தைக்கு வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தலைமுறை. வரையாடு முதல் குட்டி போடுவதற்கே மூன்று வயதாகிவிடும். சினைக்காலம் ஆறு மாதம். பெரும்பாலும் ஒரே குட்டி. அதிலும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் போனது போக மிச்சம்தான் வளரும். நத்தை உருவம் மாறிய அதே 30 ஆண்டில், வரையாட்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவு தலைமுறைகள்தான் கடந்திருக்கும்.

சொந்தக்காரர்களும் பக்கத்தில் இல்லை. நத்தைக்குப் பக்கத்துப் பாறை கொஞ்ச தூரத்திலேயே இருக்கிறது. வரையாட்டுக்குப் பக்கத்து மலை என்பது பள்ளத்தாக்கு, எஸ்டேட், ஊர், ரோடு எல்லாம் தாண்டி. உயரமான புல்வெளியும் செங்குத்துப் பாறையும்தான் அதற்கு வீடு. சுற்றிலும் இருக்கும் தாழ்வான நிலம் அதற்குக் கடல் மாதிரி. விஞ்ஞானிகள் இந்த மலையுச்சிகளை 'வான் தீவுகள்' என்று சொல்வது இதனால்தான்.

ஆனைமலையிலேயே எத்தனை வகைச் சூழலில் இந்த விலங்கு வாழ்கிறது என்று பாருங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் ரோட்டில், 9-வது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் வண்டியை நிறுத்தியவர்கள் பலர் அங்கே வரையாட்டைப் பார்த்திருப்பார்கள். வெயில் அடிக்கும் பாறைச் சரிவு. அதே மலையில் மேலே அக்காமலை கிராஸ் ஹில்ஸ் போனால் 2,000 மீட்டருக்கு மேல் குளிர், மூடுபனி, காற்று. இந்தச் சூழல் வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல், 'ஆடு ஆடுதானே' என்று பிடித்துக்கொண்டு போய் இன்னொரு மலையில் விட முடியாது.

'ஆடு' என்பதே ஒரு பழக்கத்தில் சொல்வதுதான். 2005-ல் வெளியான டிஎன்ஏ ஆய்வு, நம்ம வரையாட்டுக்கு இமயமலை தார் ஆட்டைவிடச் செம்மறி இனம்தான் நெருங்கிய சொந்தம் என்று காட்டியது. அதற்குப் பிறகுதான் அதற்கு 'நீலகிரிட்ரேகஸ்' என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள். சங்க இலக்கியம் 'வருடை' என்று பெயர் சொல்லி அறிந்த இந்த விலங்கின் உறவுமுறை, டிஎன்ஏ வந்த பிறகுதான் சரியாகத் தெரிந்தது.

பாலக்காட்டுக் கணவாய்: லட்சக்கணக்கான வருஷத்துப் பிரிவினை

மேற்குத் தொடர்ச்சி மலை நீளமான ஒரே சுவர் மாதிரி வருகிறது. கோவைக்குத் தென்மேற்கே அந்தச் சுவரில் ஒரு பெரிய வாசல். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். ஆடி மாசத்துக் காற்று கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் வருவது அந்த வழியில்தான். ரயிலும் நெடுஞ்சாலையும் போவதும் அந்த வழியில்தான். மனுஷனுக்கு அது வழி. மலைவாழ் விலங்குக்கு அது தடை.

கணவாய்க்கு வடக்கே நீலகிரியும் சிறுவாணி மலைகளும். தெற்கே ஆனைமலை. இரண்டு பக்கமும் வாழும் விலங்குகளின் டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தால், கணவாய் போட்ட கோடு தெளிவாகத் தெரிகிறது.

சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கில், கணவாயின் வடக்கு - தெற்குக் கூட்டங்கள் சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்று 2015-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

சோலைக்காட்டுப் பறவைகளில் இது இன்னும் சுவாரஸ்யம். வி.வி.ராபின் தலைமையிலான குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மலைகளில் மட்டுமே வாழும் பாடும் பறவைகளுக்கு இரண்டு புதிய பேரினங்களைப் பெயரிட்டது. அதில் ஒன்றின் பெயர் 'ஷோலிகோலா'. நம்ம 'சோலை'தான் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. சோலையில் வசிப்பது என்று பொருள். கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒரு இனம், தெற்கே ஆனைமலை - பழநியில் இன்னொரு இனம், செங்கோட்டைக் கணவாயையும் தாண்டினால் மூன்றாவது இனம். தூரத்தில் பார்த்தால் ஒரே குருவி மாதிரிதான் தெரியும்.

யானைக்கு 40 கிலோமீட்டர் எல்லாம் ஒரு தூரமே இல்லை. ஆனாலும் அதிலும் இந்தக் கோடு இருக்கிறது. 2024-ல் பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இந்திய யானைகளில் மரபணு அடிப்படையில் ஐந்து தனிக் கூட்டங்கள் இருப்பதாகச் சொன்னது. அந்த ஐந்தில் மூன்று நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவில் ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே ஒன்று. தெற்கே போகப் போக மரபணு வேறுபாடு குறைந்துகொண்டே போகிறது.

வரையாட்டிலும் கணவாயின் வடக்கு - தெற்குக் கூட்டங்களுக்கு இடையே மரபணு வேறுபாடு இருப்பதை டிஎன்ஏ ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இதன் நடைமுறை அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். கோவை மாவட்டம் ஒன்றுதான். ஆனால் சிறுவாணி மலையில் நிற்கும் வரையாடு வடக்குக் கூட்டம், வால்பாறையில் நிற்பது தெற்குக் கூட்டம். ஒரே கலெக்டர், ரெண்டு வம்சாவளி!

இது பழைய கணவாய். ஆனால் புதுக் கணவாய்களும் இருக்கு

பாலக்காட்டுக் கணவாய் இயற்கை போட்டது. அதற்கு ஏற்றபடி வாழ, விலங்குகளுக்கு லட்சக்கணக்கான ஆண்டு அவகாசம் கிடைத்தது. ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மனுஷன் போட்ட இடைவெளிகள் வேறு ரகம்.

வால்பாறை பீடபூமியில் 1890-களில் தொடங்கிக் காடு வெட்டித் தேயிலையும் காபியும் வந்தன. சோலைக்காடு துண்டு துண்டானது. வால்பாறை டவுனை ஒட்டியிருக்கும் புதுத்தோட்டம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைக்கு நடுவே ஒரு சின்னக் காட்டுத் துண்டு. அதில் சோலைமந்திகள் மாட்டிக்கொண்டன. மரத்தை விட்டு இறங்காத குரங்கு, இப்போது வீட்டுக் கூரையிலும் ரோட்டிலும். எண்ணிக்கையைக் கேட்டால் குறைவில்லை. ஆனால் வெளியிலிருந்து புதுக் குரங்கு வந்து கலக்க வழி இல்லாவிட்டால், நாளடைவில் சொந்தத்துக்குள்ளேயே கூடிக் குட்டி போடும் நிலை வரும்.

வரையாட்டுக்கு இடைவெளி வேறு உருவத்தில் வந்தது. புல்வெளியைத் 'தரிசு' என்று நினைத்து, வாட்டில் எனும் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டார்கள். மரம் நட்டால் காடு பெருகும் என்ற எண்ணம்தான். ஆனால் புல் தின்று, தூரத்தில் வரும் எதிரியைப் பார்த்துப் பாறைக்கு ஓடித் தப்பிக்கும் விலங்குக்கு, அடர்ந்த வாட்டில் தோப்பு என்பது சுவர்.

இப்படிச் சின்னக் கூட்டம் தனித்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் சிம்லிபால் உதாரணம். அங்கே உடம்பு முழுக்கக் கறுப்புக் கோடு படர்ந்த புலிகளின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம் என்று 2021-ல் கண்டுபிடித்தார்கள். வேறு எங்கும் அபூர்வமான அந்த மரபணு, தனித்துப்போன அந்தச் சின்னக் கூட்டத்தில் பரவலாகிவிட்டது. கறுப்புக் கோடு பார்க்க அழகு. அதே வழியில் ஒரு நோய்க்கான மரபணு பரவினால் அழகாக இருக்காது.

எண்ணிக்கை மீண்டாலும் மரபணு மீளாமல் போகலாம். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் ஐபெக்ஸ் என்ற காட்டு ஆடு, 19-ம் நூற்றாண்டில் வேட்டையால் சுமார் 100 வரை குறைந்தது. பாதுகாத்து வளர்த்ததில் இன்று சுமார் 50,000. பெரிய வெற்றி. ஆனால் எல்லாமே அந்த நூறின் வாரிசுகள். தீங்கான மரபணு மாற்றங்கள் அவற்றில் சேர்ந்திருப்பதை 2020-ல் வந்த ஆய்வு காட்டியது.

அப்போ கலந்து விட்டுடலாமா? இரண்டு அனுபவங்கள்

'மரபணு வேறுபாடு குறையுதுன்னா, நீலகிரி ஆட்டைக் கொண்டுவந்து ஆனைமலையில் விட்டால் சரியாகிடுமே?' என்று கேட்கத் தோன்றும். உலகத்தில் இதற்கு இரண்டு விதமான அனுபவம் இருக்கு.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பூமா சிறுத்தைகள் 20, 30 என்ற அளவுக்குக் குறைந்து, வால் கோணலாகவும் இதயக் கோளாறோடும் பிறந்தன. 1995-ல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த தலைமுறையில் கோளாறுகள் குறைந்தன, எண்ணிக்கை பல மடங்கு கூடியது. இதை 'மரபணு மீட்பு' என்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா மலை. அங்கே ஆஸ்திரியாவிலிருந்து கொண்டுவந்த ஐபெக்ஸ் ஆடுகள் நன்றாகவே வாழ்ந்தன. பிறகு துருக்கி, சினாய் பகுதிகளிலிருந்து உறவுக்கார இன ஆடுகளையும் கொண்டுவந்து கலந்தார்கள். கலப்புக் குட்டிகள் வளர்ந்து, வெப்பநாட்டு வழக்கப்படி முன்கூட்டியே இணை சேர்ந்தன. குட்டிகள் பிறந்தது பிப்ரவரியில், அந்த மலையின் கொடும் குளிரில். குட்டிகள் பிழைக்கவில்லை. கடைசியில் கூட்டமே அழிந்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஃபுளோரிடா பூமாவும் டெக்சாஸ் பூமாவும் முன்பு தொடர்பில் இருந்தவை. மனுஷனால் பிரிந்த புதுப் பிரிவு அது. டாட்ராவில் கலந்தவை வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்து, வேறு வேறு பருவநிலைக்குப் பழகியவை.

இதிலிருந்து கிடைக்கும் விதியை இப்படிச் சொல்லலாம்: பழைய கணவாயை மதிக்கணும், புதுக் கணவாயை மூடணும்.

ஆனைமலைக்கு இதைப் பொருத்தினால்...

முதலாவது, வரையாட்டை இடம் மாற்றுவதானால் அந்தந்தப் பக்கத்து மலையிலிருந்தே எடுக்கணும். மேல்பவானிக்கு முக்கூர்த்திக் கூட்டம் பொருந்தும். கணவாய்க்குத் தெற்கே காலியான மலைகளுக்கு ஆனைமலை - இரவிகுளம் கூட்டம்தான் கையிருப்பு. அந்த வகையில், மாநில எல்லைக்கு இரண்டு பக்கமும் பரவியிருக்கும் அக்காமலை - இரவிகுளம் புல்வெளி, தெற்கு வரையாடுகளின் மரபணு வங்கி என்றே சொல்லலாம்.

இரண்டாவது, கணக்கெடுப்போடு டிஎன்ஏ பரிசோதனையும் சேரணும். இதற்கு விலங்கைப் பிடிக்கவே வேண்டியதில்லை. புழுக்கையிலிருந்தே டிஎன்ஏ எடுக்க முடியும். எண்ணப் போகும் ஊழியர்கள் அதையும் சேகரித்துவிட்டால், எந்தக் கூட்டம் சொந்தத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மூன்றாவது, புது இடைவெளிகளை மூடுவது. வால்பாறையில் வனத்துறையும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனும் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். சோலைமந்திகள் அதில் கடந்து போகின்றன. எஸ்டேட்டுகளுக்கு நடுவே சோலை மரங்களை மீண்டும் நட்டு வளர்க்கும் வேலையும் நடக்கிறது. வரையாட்டுக்கு இது தலைகீழ். அங்கே மரம் நடக்கூடாது. வாட்டிலை அகற்றிப் புல்லை வரவைக்கணும்.

நான்காவது, கால்நடை. புல்வெளிக்கு மேயப் போகும் மாடு, ஆடுகள் வழியாக வரையாட்டுக்கு நோய் போகலாம். மரபணு வேறுபாடு குறைந்த கூட்டத்தில் நோய் புகுந்தால் தப்பிப்பவை குறைவு. அடிவாரக் கால்நடைகளுக்கு ஒழுங்காகத் தடுப்பூசி போடுவதும் வரையாட்டுப் பாதுகாப்புதான்.

சுற்றுலா போறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. 9-வது வளைவில் வரையாட்டைப் பார்த்தால் பிஸ்கட், சிப்ஸ் போடாதீங்க. செல்ஃபிக்காகக் கிட்டே போகாதீங்க. மனுஷனுக்குப் பழகிய ஆடு ரோட்டோரமே நிற்கும். அங்கே வண்டியில் அடிபட்டுச் சாகும் ஒவ்வொரு ஆட்டோடும் கொஞ்சம் கையிருப்பு போகுது.

ஏன் இவ்வளவு அவசரம்?

வெயில் காத்திருக்காது என்பதால்தான். பருவநிலை மாற்றத்தால் 2030-களிலிருந்தே வரையாட்டின் வாழிடத்தில் 60 சதவீதம் வரை இழப்பு ஏற்படலாம் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வெப்பம் கூடினால் விலங்குகள் மேலே ஏறும். ஏற்கெனவே உச்சியில் இருப்பது அதற்கு மேல் எங்கே ஏறும்? ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். தென்னிந்தியாவில் அதைவிட உயரம் கிடையாது. ஓட இடம் இல்லாதபோது மிச்சம் இருக்கும் வழி தகவமைப்பு ஒன்றுதான். அதற்குத்தான் கையிருப்பு வேணும்.

இதில் நமக்கும் பங்கு இருக்கு. வரையாடு மேயும் அதே புல்வெளியும் அதை ஒட்டிய சோலைக்காடும்தான் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி, வருஷம் முழுக்கக் கசியவிடுகின்றன. ஆனைமலையில் உற்பத்தியாகும் ஆறுகளை நம்பித்தான் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். பொள்ளாச்சித் தென்னைக்கும் உடுமலை, காங்கேயம் பக்கத்து வயலுக்கும் வரும் தண்ணீர் அந்தப் புல்லில்தான் தொடங்குகிறது.

அடுத்த வரையாடு கணக்கெடுப்பு முடிவு வரும்போது, எல்லாச் செய்தியிலும் ஒரு எண்தான் தலைப்பாக இருக்கும். அதோடு மூணு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க. எத்தனை தனித்தனிக் கூட்டம்? கணவாய்க்கு வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு? ஒரு கூட்டத்து ஆடு பக்கத்துக் கூட்டத்துக்குப் போக வழி இருக்கா? மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான், கூடியது எண்ணிக்கை மட்டுமா, இல்லை வரையாட்டின் ஆயுளும் சேர்த்தா என்பது தெரியும்.